துணைக்கால்

ஆகஸ்ட் 19, திங்கள்

டெரிக் ஆனந்த் செத்துவிட்டான்.

'காலமானார்' என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். பதினாலு வயதில் தூத்துக்குடியில் எந்தப் பெண்ணும் அவனை 'அவர்' என்று சொன்னதில்லை. இனிமேல் என்ன புது மரியாதை.

நான் வேலை பார்க்கிற கல்யாண மண்டபத்து ஆபீஸில் வாழைமரம் கட்டுகிறவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஃபோனில் செய்தி வந்தது. தொண்ணூறுகளின் பாப் பாடகர், வயது ஐம்பத்தெட்டு, கல்லீரல் கோளாறு, சென்னையில் தனியாக வாடகை வீடு. கூடவே ஒரு படம். தலையில் முடியே இல்லை. அந்த முடிக்காகத்தான் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கிறுக்குப் பிடித்து அலைந்தோம். செய்திக்குக் கீழே ஒருவர் 'யார் இவர்?' என்று கேட்டிருந்தார். அதற்கு நாற்பது பேர் லைக் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தேன். ஈரத் துண்டோடு நின்ற என்னைப் பார்த்து என் வீட்டுக்காரர் பதறிப்போய் யார் போய்விட்டார்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"பாட்டுக்காரன் செத்ததுக்கா தலைக்கு ஊத்துன? தீட்டு நமக்கு எத்தன நாளைக்கி?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கத்திரிக்காய்க் குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தேன் போல. மனிதர் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார். சண்முகவேல் கேலி பேசுவார், ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மண்டபத்தில் மோட்டார் ரிப்பேர். யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. யார் விசாரிப்பார்கள்?

ஆகஸ்ட் 21, புதன்

சினிமாப் பாட்டைத் தவிர வேறு பாட்டே இல்லை என்று நினைத்திருந்த ஊருக்குள் அவன் கேசட் வந்தது. ஜீன்ஸ் துணியில் ஒரு ஜாக்கெட், ஒற்றைக் காதில் கடுக்கன். அவன் தமிழைக் கேட்டால் எங்கள் தமிழ் டீச்சர் காதைப் பொத்திக்கொள்வார். ழகரமும் கிடையாது, ளகரமும் கிடையாது. எதையும் இரண்டாகப் பிய்த்துத்தான் பாடுவான். எனக்கு அதுதான் பிடித்தது.

அந்தப் பாட்டை இப்போதும் அப்படியே பாடுவேன்.

மழை நின்ன பின்னாலே வா... ராதே
தனியாக நிக்கிறேன் வா... ராதே

என் அக்கா பேர் ராதா. அப்புறம் கேட்க வேண்டுமா? அவள் காலேஜுக்குச் சைக்கிளில் போனால் டீக்கடையில் நிற்கிற பயல்கள் எல்லாரும் 'வா ராதே' என்று இழுப்பார்கள். எதிர்வீட்டு அக்காமார் இழுப்பார்கள். அவளுக்கு டெரிக்கும் தெரியாது, பாட்டும் தெரியாது, கணக்குதான் தெரியும். பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் வருஷம். அவன் போஸ்டரை உள்பக்கக் கதவில் ஒட்டியது நான். ஒவ்வொரு வரியையும் எழுதி எழுதி மனப்பாடம் பண்ணியது நான். ஆனால் என் பேர் செண்பகவல்லி. செண்பகவல்லியை மெட்டுக்குள் நுழைப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும்.

ராதாவும் கொஞ்ச நாளில் பழகிக்கொண்டாள். என் பிறந்தநாள் வாழ்த்தில் 'அன்புடன், ராதே' என்று கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து எனக்கு எது எழுதினாலும் கடைசியில் ராதேதான்.

அடுத்த வருஷம் பொருட்காட்சித் திடலில் அவன் கச்சேரி. சித்தியோடு போனோம். பாதிக் கச்சேரியில் அவன் மைக்கைப் பிடித்து, இந்த ஊரில் ராதா இருக்கிறாளா என்று கேட்டான். காலேஜ் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து இவளைத் தள்ளிக்கொண்டுபோய் மேடையில் ஏற்றிவிட்டார்கள். அவன் அவள் தோளில் கை போட்டு முழுப் பாட்டும் பாடினான். மறுநாள் மாலைப் பேப்பரில் படம் வந்தது. நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். அந்தப் படத்தில் என் முழங்கை மட்டும் தெரியும்.

படத்தைப் பார்த்த அப்பா என்னைக் கூப்பிட்டு, அந்தப் பயல் என்ன பாடுதான், நீ பாடிக் காட்டு என்றார். முழுப் பாட்டையும் மெட்டோடு பாடினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். நான் பாடி அவர் முழுசாகக் கேட்டது அந்த ஒரு தடவைதான். சாயங்காலம் பேக்கரியில் மக்ரூன் வாங்கி வந்து எனக்கு மட்டும் கொடுத்தார்.

தை மாதம், படிப்பு முடியும் முன்பே, ராதாவுக்குக் கல்யாணம். விருதுநகரில் பாத்திரக் கடை. மாப்பிள்ளைக்கு முப்பத்து நாலு வயது. அத்தான் கெட்டவர் இல்லை, அவரைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

முகூர்த்த நாள். சாயங்காலம் வரவேற்பில் லைட் மியூசிக். பாடுகிற தம்பி தெரிந்தவர்தான், மாதம் இரண்டு தடவை நம் மண்டபத்துக்கு வருகிறவர். டெரிக் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று கேட்டேன். நல்ல காரியம் நடக்கிற இடத்தில், இப்போதுதான் செத்தவர் பாட்டு வேண்டாமே என்றார்.

அதற்கப்புறம் அவர் பாடிய பாட்டையெல்லாம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முக்கால்வாசி செத்தவர்கள் பாடியதுதான். அவர்கள் சாவு பெரிய சாவு போல, கல்யாணத்துக்கு ஆகும். இவன் சின்னச் சாவு. பந்தியில் உட்காரப் பிடிக்காமல் தயிர்சாதம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

உண்மையைச் சொன்னால் இந்தத் துக்கத்தைப் பேச எனக்கு ஒருத்திதான் உண்டு. ராதா.

அவளோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. அப்பா போனபோது எல்லாருக்கும் வாட்ஸாப்பில் தகவல் அனுப்பின மாதிரி அவளுக்கும் அனுப்பினேன். பதில் வந்தது: 'வர முடியாது. ராதே.' பெற்ற தகப்பன் நடுவீட்டில் கிடக்கிறார், இவள் புள்ளி வைத்து, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறாள். நான் ஃபோன் போட்டு, பாட்டுக்காரன் கூப்பிட்டா மேடை ஏறத் தெரியும், அப்பா சாவுக்கு வரத் தெரியாதோ என்று கேட்டேன். வைத்துவிட்டாள்.

நான் கேட்டதில் தப்பில்லை. அவள்தான் மூத்தவள், அவள்தான் முதலில் பேச வேண்டும். இந்தச் செய்தி அவளுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒரு வார்த்தை இல்லை. ஃபோனில் அவள் படம் மாறியிருக்கிறது. முன்பு கடையின் சரஸ்வதி பூஜைப் படம், இப்போது வெறும் ரோஜாப்பூ.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

டி.வி.யில் டெரிக்குக்கு அரை மணி நேர அஞ்சலி. அதிலும் பாதி விளம்பரம். அவனோடு கீபோர்டு வாசித்தவர் பேசினார். மீசைக்கு மை அடித்த பெரியவர், பேர் சேவியர்.

அந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அதுல ராதேன்னு ஒரு ஆளே கிடையாதுங்க. பாட்டு என்னன்னா, வராதே. மழை நின்ன பிறகு வராதே, நான் தனியாவே இருந்துக்கறேன்னு சோகப் பாட்டு. மெட்டுக்காக வான்னு நீட்டினோம். நடுவுல டிரம்ஸ் விழுந்துது. ஜனங்க வா, ராதேன்னு கேட்டுட்டாங்க. கம்பெனிக்காரங்க விக்குது, விட்ருங்கன்னாங்க. அப்புறம் போற ஊர்லயெல்லாம் ஒரு ராதாவ மேடைக்குக் கூப்பிடுவார். விசில் பறக்கும்."

தொகுப்பாளினி சிரித்தாள். அவரும் சிரித்தார். சண்முகவேல் என் முகத்தைப் பார்த்துவிட்டு டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

முதலில் எனக்கு வயிறு எரிந்தது. என்னை இத்தனை வருஷம் முட்டாளாக்கியிருக்கிறான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று தோன்றியது. ஊருக்கு ஒரு ராதா. அப்படியானால் இவள் மட்டும் ஒன்றும் விசேஷம் இல்லை. பாட்டில் இவள் பேரே இல்லை. இருபத்தெட்டு வருஷமாக நான் பொறாமைப்பட்டது ஒன்றுமில்லாததற்கு. சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

இதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். ஃபோனில் சொன்னால் முகத்தைப் பார்க்க முடியாது.

ஆகஸ்ட் 29, வியாழன்

சித்தி ஃபோன் பண்ணினாள். கல்யாணத்துக்கு நீங்கள் வேனில் வருகிறீர்களா, பஸ்ஸில் வருகிறீர்களா என்று கேட்டாள். எந்தக் கல்யாணம் என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். ராதா மகள் தாரணிக்கு. செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்.

அத்தான் போன வாரம் தூத்துக்குடி வந்து தட்டு, பழம், பத்திரிகை வைத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் தெருவில் முனிசிபாலிட்டி வாத்தியார் வீட்டுக்கு வந்திருக்கிறார். அது எங்களுக்கு மூன்று வீடு தள்ளி. அன்றைக்கு நான் வாசலில் கோலம் கூடப் போட்டிருந்தேன்.

"உனக்கு எப்ப வந்து வச்சாவ?" என்று சித்தி கேட்டாள்.

"முதல்ல எங்களுக்குத்தான சித்தி வச்சாவ" என்றேன். என் வாயிலிருந்து எவ்வளவு சுளுவாக வருகிறது.

தாரணி சின்னப் பிள்ளையில் ஒரு முழு லீவு எங்கள் வீட்டில் இருந்தாள். பால்பல் விழுந்தது எங்கள் முற்றத்தில்தான். வருஷம் முழுக்க ஊரார் கல்யாணத்துக்கு நாற்காலி எண்ணுகிற எனக்கு, சொந்த அக்கா மகள் கல்யாணத்தில் ஒரு நாற்காலி இல்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

விருதுநகர் போய்விட்டு வந்தேன். இவரிடம் கோயிலுக்கு என்று சொன்னேன். எந்தக் கோயில் என்று அவரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் சீட் கிடைத்தது கடைசி வரிசையில். எதிரே ஒருவர் வழியெல்லாம் முறுக்கு தின்றுகொண்டே வந்தார். சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உன் பேரே இல்லை. நீ பத்தோடு பதினொன்று. அவனுக்கு உன் முகம் மறுநாளே மறந்திருக்கும்.

கடைக்கு மேலேதான் வீடு. மாடிப்படி முழுக்கச் சீர்ப் பாத்திரங்கள், பேப்பர் சுற்றி அடுக்கியிருந்தது. ராதா தரையில் உட்கார்ந்து குத்துவிளக்குக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். முடி நன்றாக நரைத்திருக்கிறது. மை அடிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ஒரு மணையை மட்டும் என் பக்கமாகத் தள்ளினாள்.

"துக்கம் விசாரிக்க வந்தேன்" என்றேன்.

"கல்யாண வீட்டுக்கு வந்து சொல்லுத சொல்லு" என்றாள். கோபம் இல்லை. சும்மா சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவன் செத்தது தெரியும், பேப்பரில் பார்த்தேன், பாவம் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் செத்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

அப்போது நான் சொல்லிவிட்டேன். டி.வி.யில் வந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஊருக்கு ஒரு ராதா என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன். அவள் முகம் மாறும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் குங்குமச் சிமிழை மூடி வைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் செண்பகம். மேடையில நான் நடுங்குனேன். அவரு மைக்க அந்தாக்கில தள்ளிப் பிடிச்சிட்டுச் சொன்னாரு, பயப்படாதீங்க சிஸ்டர், இது உங்க பேரே இல்ல, வராதேன்னுதான் பாட்டு, சும்மா சிரிச்சிட்டு நில்லுங்கன்னு. நல்ல மனுசன். வேர்வை நாத்தம்தான் தாங்கல."

அப்புறம் ஏன் அதை யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அப்பாட்ட சொன்னேனே. அவன் என் பேரச் சொல்லல, எனக்கும் அவனுக்கும் ஒண்ணும் கிடையாது, பாட்டே வராதேன்னுதான் வருதுன்னு கால்ல விழுந்து சொன்னேன். அப்பாவும் பாதி நம்புனாவ. சின்னவளுக்குத்தான் எல்லாப் பாட்டும் தெரியுமே, அவ பாடட்டும், கேப்போம்னு சொன்னாவ."

கீழே கடையில் யாரோ பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தார்கள்.

"நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். நீ பாடுன. ராதேன்னு அவன் பாடுனத விட நீ தெளிவாப் பாடுன."

காப்பி கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தாரணி பியூட்டி பார்லர் போயிருப்பதாகச் சொன்னாள். அவள் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டாளாம், கணிதம். நான் எழுந்தேன். துக்கம் கேட்கப் போன வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. நானும் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. பத்திரிகைக் கட்டு ஸ்டூலின் மேல்தான் இருந்தது. அதை அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

பல்வலி. கிராம்பு வைத்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஊரே அப்படித்தான் கேட்டது. டீக்கடைப் பயல்கள் அப்படிக் கேட்டார்கள், எதிர்வீட்டு அக்காமார் அப்படிக் கேட்டார்கள், கேசட் கம்பெனியே அப்படித்தான் விற்றது. என் காதில் கோளாறு என்றால் ஊர்க் காதிலும் கோளாறு. பதினாலு வயதுப் பிள்ளையிடம் ஒரு அப்பா பாடச் சொன்னால் அது எதற்கென்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். படி இறங்கிய பிறகுதான் எல்லாம் வாயில் வருகிறது.

மண்டபத்தில் ஒரு பெண் வீட்டார் அட்வான்ஸ் கொடுக்க வந்தபோது மக்ரூன் பாக்கெட் நீட்டினார்கள். சர்க்கரை இருக்கிறது, வேண்டாம் என்றேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

செப்டம்பர் 9, திங்கள்

பாட்டைப் போட்டுக் கேட்டேன். வா ராதே என்று கேட்க என்னால் முடிந்த மட்டும் பார்த்தேன். முடியவில்லை. வராதே, வராதே, வராதே என்று அழுதுகொண்டே பாடுகிறான். இவ்வளவு அழுகை அதில் இருந்ததே, எங்கே போயிருந்தது என் காது? ஒரு மனுஷன் வராதே வராதே என்று கெஞ்சியிருக்கிறான், நாங்கள் விசில் அடித்து ஆடியிருக்கிறோம்.

சண்முகவேல் வந்து பார்த்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டேன். டெரிக்குக்காக அழுகிறேன் என்றேன். சரி என்று பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை நாளில் துக்கம் விசாரித்தது அவர் ஒருவர்தான். அவருக்கும் பொய்தான் சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 12, வியாழன்

ராதாவுக்கு வாட்ஸாப்பில் எழுதினேன். முதலில் நீளமாக எழுதினேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது என்று ஆரம்பித்தது. அழித்தேன். அப்பாமீதுதான் தப்பு என்று எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில் ஒரே வரிதான் அனுப்பினேன்.

'தாரணி கல்யாணத்துக்கு வரட்டுமா?'

இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. படித்துவிட்டாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

பதில் இல்லை. மண்டபத்தில் கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 14, சனி

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வந்தது. ஒரே சொல்.

வாராதே

புள்ளி இல்லை. நடுவில் இடம் இல்லை. அப்பா சாவுக்கு எழுதினபோது 'வர முடியாது' என்று எழுதி, புள்ளி வைத்து, இடம் விட்டு, ராதே என்று தனியாகப் போட்டிருந்தாள். இதில் எல்லாம் ஒட்டிக் கிடக்கிறது.

இவரிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"வராதன்னு சொல்லிட்டாவளே" என்றார். அவருக்கே கஷ்டமாகப் போய்விட்டது.

எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. தட்டை எடுத்து வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். வராதே என்று எழுத வெறும் 'வ' போதும். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். இவள் 'வா' போட்டிருக்கிறாள். ராதா கணக்குக்காரி. வேண்டாத இடத்தில் ஒரு கோடு கூடப் போட மாட்டாள். வா என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கீழே போடுகிற கையெழுத்தைப் பக்கத்திலேயே போட்டிருக்கலாம். அல்லது அந்தப் பாட்டில் வருகிற மாதிரியே எழுதி என் முகத்தில் அடித்திருக்கலாம். அவளால் இரண்டும் முடியும். எது என்று கேட்டு இன்னொரு வரி எழுதினால் நிச்சயம் தெரிந்துவிடும். எழுத மாட்டேன்.

பட்டுப்புடவையை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் வர வேண்டாம், விரட்டினால் என்னோடு போகட்டும் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். தாரணிக்கு என் காசுமாலை. சித்தியைப் பார்த்தால் வேனில் இடம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அன்றைக்கு நான் தப்பாகக் கேட்டது அவள் தலையில் விழுந்தது. நாளைக்கு நான் தப்பாகப் படித்திருந்தால் என் தலையில்தான் விழும், சொந்தக்காரர் எல்லாரும் பார்க்க, மண்டப வாசலில்.

முதல் பஸ் ஐந்தேகாலுக்கு. அந்த ஒரு துணைக்காலை நம்பித்தான் ஏறுகிறேன்.